தோடமலையில் தேடப்பட்ட கிறித்தவர்கள்
நானூறு ஆண்டுகளாக விடை காணாத ஒரு கேள்வி

நீலமலையில் முதன்முதலாகக் கால் பதித்த குருவானவர் யார் என்று நம் பங்குப் பிள்ளைகளைக் கேட்டால், பெரும்பாலோர் வெள்ளைக்காரர் காலத்து வேதபோதகர் ஒருவரைத்தான் எண்ணிக்கொள்வார்கள். அதில் வியப்பில்லை. நம் மலையிலுள்ள கோயில்களின் அடிக்கற்கள் எல்லாம் 19-ஆம் நூற்றாண்டைத் தாண்டிப் பின்னே செல்வதில்லை. கோயம்புத்தூர் மாவட்ட ஆட்சித் தலைவராயிருந்த ஜான் சல்லிவன் கோத்தகிரிப் பக்கமாக மலையேறியது 1819-ஆம் ஆண்டில்தான். உதகையில் ஆங்கிலத் திருச்சபையார் கட்டிய புனித ஸ்தேவான் ஆலயத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது 1829-இல். அதன் பெரிய உத்தரங்கள் திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டண அரண்மனையிலிருந்து கழற்றிக் கொண்டுவரப்பட்டவை என்பதைச் சுற்றுலாப் பயணிகளும் அறிவர்.

ஆனால் சல்லிவன் துரை மலையேறுவதற்கு 200 ஆண்டுகளுக்கு மேல் முன்னதாகவே, சாலையும் இல்லை, தேயிலையும் இல்லை, 'உதகை' என்னும் ஊரும் இல்லை என்றிருந்த காலத்தில், கத்தோலிக்கக் குருக்கள் இம்மலைக்கு வந்து சென்றிருக்கிறார்கள். அவர்கள் நாடு பிடிக்க வரவில்லை. குளிர்காய்ந்து ஓய்வெடுக்கவும் வரவில்லை. காணாமற்போன கிறித்தவர்களைத் தேடி வந்தார்கள்!

அந்தக் கிறித்தவர்கள் யார்? உண்மையிலேயே இருந்தார்களா? இருந்திருந்தால் எங்கே போனார்கள்? இல்லையென்றால், இருப்பதாகச் சொன்னவர்கள் எதைக் கண்டு சொன்னார்கள்? நானூறு ஆண்டுகளாகியும் இக்கேள்விகளுக்கு முடிவான விடை கிடைக்கவில்லை. கிடைத்திருக்கும் செய்திகளை வாசகர் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

உதயம்பேரூரில் எழுந்த பேச்சு

கதை மலையில் தொடங்கவில்லை. மலையாளக் கடற்கரையில் தொடங்குகிறது. புனித தோமையார் கி.பி. 52-இல் கொடுங்கல்லூரில் வந்திறங்கினார் என்பது கேரளக் கிறித்தவர்களின் தொன்றுதொட்ட நம்பிக்கை. அவர்கள் அந்நாட்டில் வேரூன்றி வாழ்ந்ததற்குக் கல்லிலும் செம்பிலும் சான்றுகள் உண்டு. 849-ஆம் ஆண்டில் வேணாட்டு அரசர் ஐயனடிகள் திருவடிகள், கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு நிலமும் உரிமைகளும் வழங்கி எழுதிக்கொடுத்த செப்பேடுகள் இன்றும் உள்ளன. இவர்கள் பாரசீகத்திலிருந்து வந்த ஆயர்களின் கீழ், சீரிய மொழியில் வழிபாடு நடத்தி வந்தவர்கள்.

16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் செல்வாக்கு வளர்ந்தபோது, கோவாப் பேராயர் அலெய்ஷோ தெ மெனேசஸ் இச்சபையை இலத்தீன் முறைமைக்குள் கொண்டுவர முனைந்தார். அதற்காக 1599 ஜூன் மாதம் உதயம்பேரூரில் அவர் கூட்டிய சங்கம் திருச்சபை வரலாற்றில் புகழும் சர்ச்சையும் ஒருங்கே பெற்றது. அச்சங்கத்தின் தீர்மானங்களுக்கிடையே நம் மலையைப் பற்றிய ஒரு தீர்மானமும் அடங்கியிருக்கிறது என்பது பலர் அறியாத செய்தி. மற்றக் கோயில்களிலிருந்து வெகு தொலைவில் 'தோடமலை' என்றொரு நாடு உண்டு என்றும், முன்னே இச்சபையைச் சேர்ந்த கிறித்தவர்கள் அங்கே இருக்கிறார்கள் என்றும், இப்போது அவர்களிடம் கிறித்தவர் என்ற பெயரைத் தவிர வேறொன்றும் மிஞ்சவில்லை என்றும் சங்கத்துக்குச் செய்தி எட்டியது. குருக்களை அனுப்பி அவர்களை மீண்டும் மந்தையில் சேர்க்க வேண்டும் என்று சங்கம் விதித்தது.

தோடமலை என்பது தோடர் வாழும் மலை. தோடர் என்றும் தொதவர் என்றும் நாம் அழைக்கும் மக்கள் வாழும் மலை நீலமலையே. இப்பெயர் அக்காலத்திலேயே பழமையானது. 1117-ஆம் ஆண்டைச் சேர்ந்த சாமராஜநகர்க் கல்வெட்டு ஒன்று, ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தளபதி புணிசன் தோடரை அச்சுறுத்தி நீலமலையைக் கைப்பற்றியதைப் புகழ்ந்து பேசுகிறது. ஆகவே மலையின் பெயரையும் மக்களின் பெயரையும் சமவெளியார் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். அறியாதது, அவர்கள் எத்தகையோர் என்பதுதான்.

இரண்டு பயணங்கள்

சங்கத்தின் விதியை நிறைவேற்றும் பொறுப்பு அங்கமாலி ஆயர் பிரான்சிஸ் ரோஸ் அவர்களிடம் வந்தது. இவர் சேசு சபையைச் சேர்ந்தவர், கத்தலோனிய நாட்டவர், மலையாளமும் சீரிய மொழியும் நன்கு கற்றவர். மதுரையில் தத்துவ போதக சுவாமிகள் காவியுடுத்தி மறையறிவித்தபோது எழுந்த எதிர்ப்புகளுக்கு நடுவே அவருக்குத் துணைநின்ற ஆயரும் இவரே. புதுமைக்கு அஞ்சாத உள்ளம் படைத்தவர் என்பது இதனால் விளங்கும்.

ஆயரின் ஆணைப்படி 1602-இல் ஒரு குருவும் ஒரு திருத்தொண்டரும் தோடமலைக்கு அனுப்பப்பட்டனர். அதனோடு விவகாரம் முடியவில்லை. மறு ஆண்டே, 1603-இல், இரண்டாம் பயணம் நடந்தது. இம்முறை சென்றவர் கோழிக்கோட்டில் சாமூதிரி மன்னரின் நாட்டில் பணிபுரிந்துவந்த சேசு சபைக் குருவானவர் ஜாக்கோமோ பெனிசியோ. நீலமலையையும் அதன் மக்களையும் நேரில் கண்டு எழுதிவைத்த முதல் ஐரோப்பியர் இவரே.

இவர் இத்தாலி நாட்டுக் கப்புவா நகரத்தார். இவருடைய பெயரை நம்மில் பலர் வேறொரு வகையில் கேட்டிருக்கிறோம். ஆலப்புழைக் கடற்கரையில் அர்த்துங்கல் புனித செபஸ்தியார் திருத்தலம் இருக்கிறதல்லவா? அங்கே 'அர்த்துங்கல் வெளுத்தச்சன்' என்று மக்கள் அன்போடு நினைவுகூரும் வெள்ளைக்காரத் தந்தை இவரேதான். சீரப்பஞ்சிறைக் களரியில் ஐயப்பனோடு இவர் நட்புக்கொண்டிருந்தார் என்று அப்பகுதியில் ஒரு கதை வழங்குகிறது. சபரிமலை சென்று திரும்பும் பக்தர்கள் அர்த்துங்கல் கோயிலுக்கு வந்து மாலையைக் கழற்றும் வழக்கம் இன்றும் உண்டு. கடற்கரை மக்கள் நெஞ்சில் இப்படி இடம்பெற்ற ஒரு குருவானவர், நம் மலைக்கும் முன்னோடியாக வந்து போனவர் என்பதை நாம் மறந்துவிட்டோம்.

பெனிசியோ அடிகள் பாலக்காட்டுப் பக்கத்து மண்ணார்க்காட்டிலிருந்து புறப்பட்டார். இன்று அவ்வழியே அட்டப்பாடிக்குப் பேருந்து செல்கிறது. அன்று யானையும் புலியும் நடமாடிய அடர்காடு. அதைக் கடந்தால் செங்குத்தான ஏற்றம். நீலமலையின் தென்மேற்கு ஓரமாகிய குந்தா மலைத்தொடர், கடற்கரை வெப்பத்தில் பழகியவர்களைக் குளிரால் நடுங்கவைக்கும் இடம். அவ்வழியே ஏறிப் படகர் ஊர் ஒன்றை அடைந்தார். அவர் எழுதியிருக்கும் ஊர்ப்பெயரை ஆராய்ந்தவர்கள் அது இன்றைய மேலூராக இருக்கலாம் என்று கருதுகின்றனர். அங்கே படகர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் வாயிலாகப் போதித்தார். பிறகு தோடர்களைத் தேடிச் சென்று கண்டார்.

கண்டது என்ன?

திரும்பி வந்ததும் 1603 ஏப்ரலில் கோழிக்கோட்டிலிருந்து தம் சபை மேலாளருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். போர்ச்சுகீசிய மொழியில் எழுதப்பட்ட அக்கடிதம் 300 ஆண்டுகள் ஏட்டுக் கட்டுகளுக்குள் உறங்கிக் கிடந்தது. கேம்பிரிட்ஜ் அறிஞர் ரிவர்ஸ் என்பார் 1906-இல் தோடரைப் பற்றிய தம் பெருநூலை வெளியிட்டபோது, அதன் பிற்சேர்க்கையாக இக்கடிதத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பையும் அச்சிட்டார். அன்றுதான் உலகம் அதை அறிந்தது.

கடிதத்தில் பெனிசியோ காட்டும் தோடர், நாம் இன்று அறிந்த தோடரே. பயிரிடுவதில்லை, எருமை மேய்த்துப் பாலாலும் நெய்யாலும் வாழ்கிறார்கள். நீண்ட தலைமுடியுடைய அவர்களது பால்மனைக் குருவைப் பற்றியும், அவர் மற்றவர்களோடு கலவாமல் விலகி வாழ்வது பற்றியும் எழுதுகிறார். எருமையை அவர்கள் புனிதமாகப் போற்றுவதைக் கண்டார். அண்ணன் தம்பிகள் சேர்ந்து ஒரே மனைவியைக் கொள்ளும் வழக்கத்தையும் குறித்திருக்கிறார். தோடர் பெண்களுக்குக் கண்ணாடிகளும் நூற்கண்டுகளும் அன்பளிப்பாகக் கொடுத்ததாகவும், அவர்கள் மகிழ்ந்ததாகவும் சொல்கிறார்.

எல்லாவற்றையும் எழுதிய பின், தாம் எதற்காக அனுப்பப்பட்டாரோ அக்கேள்விக்கு விடையளிக்கிறார். அந்த விடை ஏமாற்றமளிக்கும் விடை: கிறித்தவத்தின் சுவடு எதனையும் தாம் அங்கே காணவில்லை! மலையின் கடினத்தையும், தொலைவையும், மக்கள் தொகையின் சிறுமையையும் கருதி, அப்போதைக்கு அங்கே மறைப்பணி தொடங்குவது தகாது என்றும் தெரிவித்தார். அத்துடன் தோடமலை மீண்டும் மேகத்துக்குள் மறைந்தது. அடுத்த 200 ஆண்டுகள் மௌனம்.

இங்கே சற்று நின்று சிந்திப்போம். ஆயர் 'ஆம்' என்ற விடையை எதிர்பார்த்தார். சங்கமே அதை நம்பியிருந்தது. 'கண்டேன், அவர்கள் தோமையார் மக்களே' என்று ஓர் ஆர்வக் கடிதம் எழுதியிருந்தால் பெனிசியோவுக்குப் புகழ் கிட்டியிருக்கும். மறுத்துச் சொல்ல மலையேறுவாரும் எவரும் இலர். ஆனாலும் அவர் கண்டதை மட்டுமே எழுதினார். மறைப்பணி வரலாற்றில் இதுவும் ஒரு சாட்சியம் என்றே சொல்லவேண்டும்.

அவரது சொல்லுக்கு எடை கூட்டும் செய்தி இன்னொன்று உண்டு. இந்நாட்டுச் சமயங்களைக் கூர்ந்து ஆராய்ந்த முதல் ஐரோப்பியர்களுள் அவர் ஒருவர். மலையாளக் கரை இந்துக்களின் சமயத்தைப் பற்றி 1609-ஆம் ஆண்டளவில் அவர் எழுதிய நூலின் செய்திகளை, டச்சுப் போதகர் பல்தேயுஸ் 1672-இல் வெளியிட்ட தம் நூலில் அவர் பெயரைச் சொல்லாமலே எடுத்தாண்டுகொண்டார். 1933-இல் சுவீடன் நாட்டு அறிஞர் சார்ப்பெந்தியர் பெனிசியோவின் மூலநூலையே பதிப்பித்து உண்மையை வெளிப்படுத்தினார். ஆக, 250 ஆண்டுகளுக்கு மேல் கழித்து ஒரு மர்மம் துலங்கியது. தோடமலை மர்மம் மட்டும் துலங்கவில்லை.

விலா எலும்புக் கதை

பெனிசியோ 'இல்லை' என்று சொன்ன பிறகும் கேள்வி ஏன் உயிரோடிருக்கிறது? காரணம், 300 ஆண்டுகளுக்குப் பின் ரிவர்ஸ் கேட்டெழுதிய ஒரு கதை.

ரிவர்ஸ் 1901-1902-இல் நீலமலையில் தங்கித் தோடர் மந்துகளில் ஆராய்ச்சி செய்தார். தங்கள் தோற்றத்தைப் பற்றி அவர்கள் சொன்னது இது: ஓன் என்னும் தெய்வம் பூமியின் உள்ளிருந்து எருமைகளை ஒவ்வொன்றாக வெளிக்கொணர்ந்தது. கடைசி எருமையின் வாலைப் பற்றிக்கொண்டு ஒரு மனிதன் வெளியே வந்தான். அவனே முதல் தோடன். ஓன் அம்மனிதனின் வலப்பக்கத்து எலும்பு ஒன்றை எடுத்து ஒரு பெண்ணை உண்டாக்கிற்று. அவளே முதல் தோடத்தி.

ஆதியாகமத்தின் இரண்டாம் அதிகாரத்தைக் கேட்டு வளர்ந்த எந்தக் கிறித்தவனுக்கும் இதைப் படித்ததும் உடல் சிலிர்க்கும். ஆதாமின் விலா எலும்பு எருமை மேய்ப்பவர்களின் மந்தில் எப்படி வந்து சேர்ந்தது? ரிவர்ஸும் இதைக் கண்டு, மலையாளக் கரையிலுள்ள கிறித்தவர் அல்லது யூதரின் தொடர்பு முற்காலத்தில் தோடருக்கு இருந்திருக்குமோ என்று ஆராய்ந்தார். முடிவாக எதையும் நிலைநாட்ட அவராலும் இயலவில்லை.

நிதானமாக எண்ணிப் பார்த்தால் இக்கதைக்கு நான்கு வழிகள் தோன்றுகின்றன.

முதலாவது, உதயம்பேரூர்ச் சங்கம் கேட்ட செய்தி உண்மையாக இருக்கலாம். எப்போதோ மலையேறிய கிறித்தவர் சிலர் தோடரோடு பழகிக் கலந்து மறைந்திருக்கலாம்; அவர்கள் விட்டுச்சென்ற ஒரே சுவடு இக்கதையாக இருக்கலாம். இவ்வழி நம் மனத்துக்கு இனியது. ஆனால் இனியது என்பதனாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. ஒரு சிலுவை, ஒரு பெயர், ஒரு நோன்பு, ஒரு செபம் என்று வேறொன்றும் மிஞ்சாமல் எலும்புக் கதை மட்டும் மிஞ்சுமா?

இரண்டாவது, பெனிசியோ அடிகளே இதை விதைத்திருக்கலாம். படகர் ஊரில் அவர் செய்த போதனை அண்டை மந்துகளுக்கும் எட்டியிருக்கலாம். சில நாள் தங்கியவர் சொன்ன ஒரு கதை 300 ஆண்டுகள் நிலைக்குமா என்ற ஐயம் எழும். ஆயினும் எழுத்தறியாத மக்களிடம் கேட்ட கதை எவ்வளவு காலம் வாழும் என்பதை யாராலும் அளந்து சொல்ல முடியாது.

மூன்றாவது, 19-ஆம் நூற்றாண்டு வேதபோதகர்கள். பாசல் மிஷன் என்னும் புரோட்டஸ்டாண்டு சபையார் 1840-களிலேயே கேத்தியில் நிலைகொண்டனர். அவர்களுள் மெட்ஸ் என்னும் போதகர் பல்லாண்டுகள் மந்து மந்தாக நடந்து போதித்தவர். ரிவர்ஸ் வந்தபோது அந்த நடைக்கு அரை நூற்றாண்டு கடந்திருந்தது. அன்று சிறுவராயிருந்து ஆதாம் ஏவாள் கதையைக் கேட்டவர்கள், முதியவராகி அதைத் தம் கதையோடு சேர்த்துச் சொல்லியிருக்கக்கூடும். கதை எழுத்தில் ஏறிய காலத்தை நோக்கினால் இவ்வழிக்கே வலு அதிகம் என்று தோன்றுகிறது.

நான்காவது, எவரிடமிருந்தும் கேளாமல் அவர்களே படைத்துக்கொண்ட கதையாகவும் இருக்கலாம். ஆணின் உடலிலிருந்து பெண் வந்தாள் என்ற எண்ணம் ஒரே இனத்தாருக்குத்தான் தோன்றவேண்டும் என்று விதியில்லை.

தோடரைப் பற்றிப் பிறர் கட்டிய கோட்டைகள்

தோடரின் நெடிய உருவமும், தாடியும், மார்பைச் சுற்றிப் போர்த்த வெண்ணிறப் போர்வையும் கண்டோரை மயக்கின. 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் சிலர் அவர்களைப் பண்டைய உரோமரோடு ஒப்பிட்டனர். வேறு சிலர் இஸ்ராயேலின் காணாமற்போன கோத்திரங்களில் ஒன்றென்று எழுதினர். 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கிரேக்க நாட்டு இளவரசர் பீட்டர், தோடர் வழிபாட்டுச் சொற்களில் சுமேரியத் தெய்வங்களின் பெயர்கள் ஒலிப்பதாகச் சொன்னார்.

இந்தக் கோட்டைகளையெல்லாம் சரித்தது தோடரின் வாய்மொழியே. 1930-களில் இங்கே தங்கி அம்மொழியை நுணுகி ஆராய்ந்த அமெரிக்க மொழியறிஞர் எமனோ, அது திராவிட மொழியே என்பதைத் தெளிவாக்கினார். ஓசையில் நமக்கு எவ்வளவு அந்நியமாய்த் தோன்றினாலும், தமிழுக்கும் மலையாளத்துக்கும் உறவுடைய மொழி அது. அவர்கள் எங்கோ தொலைநாட்டிலிருந்து வழிதவறி வந்தவர்கள் அல்லர், நமக்கு உறவினரே.

உதயம்பேரூரில் பரவிய பேச்சையும் இவ்வகையில் பார்க்க இடமுண்டு. நீண்ட முடியும் தாடியும் உடைய வெள்ளாடை மனிதர்கள், விலகி வாழும் ஒரு குரு, கூரை மட்டும் வளைந்து தாழ்ந்த சிறு வழிபாட்டு இடம். இவற்றைத் தொலைவிலிருந்து கண்ட மலையாள வணிகன் ஒருவன், சமவெளிக்கு வந்து, 'மலைமேல் சீரியாரைப் போன்றவர்கள் இருக்கிறார்கள்' என்று சொல்லியிருந்தால் போதும். அது வாய்க்கு வாய் மாறி, 'மலைமேல் கிறித்தவர்கள் இருக்கிறார்கள்' என்று ஆகிவிடும். இது ஊகமே, எனினும் நடக்கக்கூடிய ஊகம்.

பெனிசியோவின் கடிதம் தேடியதைத் தராவிட்டாலும், தேடாத ஒன்றைத் தந்தது. 1603-இல் படகர்கள் ஊர் அமைத்துக் குந்தாப் பக்கத்தில் குடியிருந்தனர் என்பதற்கு அதுவே அரிய சான்று. படகர் வரலாற்றை எழுதும் எவரும் இன்று அக்கடிதத்தைத் தொடாமல் செல்வதில்லை. நேர்மையாக எழுதப்பட்ட ஓர் ஏடு, எழுதியவர் நினையாத காலத்தில் நினையாத மக்களுக்கும் பயன்படும் என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டுமோ?

கதை முடிந்ததா?

தேடி வந்தவர்களுக்குக் கிடைக்காத கிறித்தவர்கள் பிற்காலத்தில் இம்மலையில் பெருகினார்கள். படைவீரர்களாகவும், சாலை போடுகிறவர்களாகவும், காப்பி தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களாகவும் சமவெளியிலிருந்து விசுவாசிகள் ஏறி வந்தனர். தோடர்களுள்ளும் சிலர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத் திருச்சபைப் பணியாளர் வாயிலாகக் கிறித்தவரானார்கள். 1955-இல் உதகை தனி மறைமாவட்டமாயிற்று.

அதன் முதல் ஆயராக வந்தவர் மேதகு அந்தோனி படியறை. அவர் மணிமலையில், புனித தோமையார் கிறித்தவர் மரபில் பிறந்தவர். 1970 வரை நம்மிடையே பணிபுரிந்து, பின்னர் சங்கனாச்சேரிப் பேராயராகவும், 1985-இல் எர்ணாகுளம் பேராயராகவும், 1988-இல் கர்தினாலாகவும் உயர்ந்தார். 1992-இல் அப்பேராயம் எர்ணாகுளம்-அங்கமாலி என்று பெயர் பெற்றது. எண்ணிப் பாருங்கள்! அங்கமாலி ஆயர் ஒருவர் தோமையார் மக்களைத் தேடி நீலமலைக்கு ஆளனுப்பினார், ஒருவரும் அகப்படவில்லை. 350 ஆண்டுகள் கழித்துத் தோமையார் மக்களில் ஒருவரே நீலமலைக்கு ஆயராய் வந்து, இங்கிருந்து அங்கமாலியின் தலைமைக்குச் சென்றார். வரலாறு திட்டமிட்டு இவ்வாறு செய்வதில்லை. ஆயினும் இறைவனின் திருக்கரம் சில வேளைகளில் இப்படியும் கோடு வரைகிறது.

நமக்கு ஒரு கேள்வி

உதயம்பேரூர்த் தீர்மானத்தின் ஒரு வரி நம் நெஞ்சைத் தைக்க வேண்டும்: கிறித்தவர் என்ற பெயரைத் தவிர வேறொன்றும் மிஞ்சவில்லை. அப்படி ஒரு மக்கள் உண்மையில் இருந்தார்களோ இல்லையோ, அப்படி ஒரு நிலை வரக்கூடும் என்பது உண்மை. குருவும் இல்லாமல், ஏடும் இல்லாமல், பெயர்ந்துபோன குடும்பங்கள் மூன்று நான்கு தலைமுறைக்குள் தம்மை மறந்துவிடும். அதன்பின் எவ்வளவு நல்ல ஆராய்ச்சியாளர் வந்தாலும் வதந்தியைத்தான் ஆராய முடியும்.

நம் மலை பெயர்ந்து வந்தவர்களின் மலை. நம் பங்குகளில் கோவைப் பக்கத்திலிருந்து வந்தவர் உண்டு. மைசூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர் உண்டு. 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்திற்குப் பின் இலங்கைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பி, அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்தவர் உண்டு. கடலைக் கடந்து வரும்போது தகரப் பெட்டியில் அவர்கள் பத்திரப்படுத்திய ஞானஸ்நானச் சீட்டும், திருமணச் சீட்டும், தாத்தா பாட்டியின் ஒரே புகைப்படமும் வெறும் காகிதங்கள் அல்ல. எந்த ஊரில், எந்தக் கோயிலில், யார் கையால் நாம் விசுவாசம் பெற்றோம் என்பதற்கு அவைதாம் சாட்சி. தோடமலைக் கிறித்தவர்களிடம் இல்லாமற்போனது அந்தச் சாட்சியே.

இம்மலையின் மழையும் பனியும் காகிதத்துக்குப் பகை. ஈரச் சுவரோடு ஒட்டிய அலமாரியில் ஏடுகள் பூஞ்சை பிடிக்கும். கல்லறைக் கல்லின் எழுத்தைப் பாசி மூடும். ஒவ்வொரு பங்கிலும் இளைஞர் சிலர் பங்குக் குருவின் அனுமதியோடு பழைய ஞானஸ்நான ஏடுகளை உலர்ந்த இடத்துக்கு மாற்றலாம். கல்லறை எழுத்துக்களைப் படியெடுக்கலாம். தோட்ட லயன்களிலும் ஹட்டிகளிலும் வாழும் முதியோரிடம் உட்கார்ந்து, அவர்கள் எப்போது, எவ்வழியே, யாரோடு மலையேறினார்கள் என்று கேட்டு எழுதலாம். எழுதும்போது ஒன்றை மட்டும் கடைப்பிடிக்க வேண்டும்: கேட்டதைக் கேட்டதாகவும், கண்டதைக் கண்டதாகவும் எழுதுங்கள். புகழுக்காகக் கூட்டவும் வேண்டாம், வெட்கத்தால் குறைக்கவும் வேண்டாம்.

குளிரில் நடுங்கி, காட்டைக் கடந்து, ஆசையோடு தேடிச் சென்று, 'இல்லை' என்று உண்மை எழுதிய பெனிசியோ அடிகளுக்கு நம் மலையில் சிலையொன்றும் இல்லை. அவருக்கு நாம் செலுத்தக்கூடிய மரியாதை இதுவே.